கூடு கட்டாத புழுக்கள்

"மேடம், இதுங்க என்னை முறைக்குதுங்க" என்றான் ஃப்ளாஷ்.

"புழுவுக்கு முறைக்கத் தெரியாது. பசியில தலையைத் தூக்குது."

"பன்னெண்டு நாளா தின்னுட்டு இன்னும் பசியா? விருந்துக்கு வந்த என் மச்சான்கூட நடுவுல கை கழுவப் போவான்."

சுருக்கெழுத்து மேடம் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எழுதியவர். ஓய்வு பெற்ற மறுமாதமே துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். கைரேகை, ரத்தக்கறை எதிலும் அவருக்கு ஆர்வம் கிடையாது. மனிதர்கள் வாயைத் திறந்தால் போதும். உதவியாளன் ஃப்ளாஷுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊரில் எல்லோருடைய போனிலும் கேமரா வந்ததும் ஸ்டூடியோவை இழுத்து மூடியவன். கேமரா மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது.

இருவரும் நின்றுகொண்டிருந்தது ஒரு பட்டுப்புழு வளர்ப்புக் கூடத்தில். நீளமான கூடம். இரண்டு பக்கமும் ஐந்தடுக்கு மரச்சட்டங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் அகலத் தட்டுகள். தட்டு நிறைய, நடுவிரலைவிடத் தடித்த வெள்ளைப் புழுக்கள் மல்பெரி இலையை விளிம்பிலிருந்து அரித்துக்கொண்டிருந்தன. அவை போன புதன்கிழமையே தீனியை நிறுத்தி, உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, கூடு கட்ட மூலை தேடியிருக்க வேண்டும். இன்று ஞாயிறு. கூடு கட்டுவதற்கான சட்டங்கள் சுவரோரம் காலியாகச் சாய்ந்திருந்தன.

கூடத்தின் சொந்தக்காரியை எல்லோரும் 'அண்ணி' என்றே கூப்பிட்டார்கள். நாற்பதைத் தொட்ட வயது. இவர்கள் வந்து முக்கால் மணி நேரமாகியும் அவர் ஒரு நிமிடம் உட்காரவில்லை. ஒரு தட்டை இழுப்பார், பார்ப்பார், உள்ளே தள்ளுவார். சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி பெருக்குவார்.

"கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்களேன்" என்றார் மேடம்.

"உட்கார்ந்தா கைகால் ஓடாது மேடம். நீங்க கேளுங்க, நான் நடந்துட்டே சொல்றேன்."

நடந்துகொண்டே சொன்னார். கணவர் இறந்து மூன்று வருடம். அவருடைய தங்கை, அதாவது அண்ணியின் நாத்தனார், பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். புழுவை வளரவிடாமல் புழுவாகவே வைத்திருக்கும் ஹார்மோன்தான் அவளுடைய ஆராய்ச்சி. அண்ணன் போன பிறகும் அவள் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. பகலில் ஆராய்ச்சி நிலையம், காலையும் மாலையும் இந்தக் கூடம். புழு கூடு கட்டவில்லை என்றதும் அவளே இரண்டு புழுவை ஒரு டப்பாவில் போட்டு வியாழக்கிழமை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனாள். புழுவின் ரத்தத்தில் அவள் ஆராய்ச்சி செய்கிற அதே ஹார்மோன் சரக்கு. அலமாரியைத் திறந்து பார்த்தால், புட்டியில் மருந்து பதிவேட்டில் இருந்ததைவிடக் குறைவு. சாவி அவளிடம்தான் இருந்தது.

"அன்னைக்கே வேலையிலேருந்து நிறுத்தி வெச்சுட்டாங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு விசாரணை. வேற ஊர்ல பெரிய வேலை கிடைச்சு, நாளைக்கு அங்க சேர்ந்திருக்கணும் அவ. தப்பு நிரூபணம் ஆயிட்டா அதுவும் போச்சு. இனிமே எந்த ஆராய்ச்சி நிலையமும் அவளை உள்ள விடாது." அண்ணி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். உடனே மறுபடி எடுத்தார். "அவ செய்யல மேடம். அத நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"வேற யார் செஞ்சிருப்பாங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

மேடம் நோட்டில் நாலு கோடு கிறுக்கினார். "புழு கடைசியா தோலுரிச்ச நாள்லேருந்து நாள் வாரியா சொல்லுங்க."

"முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை நாலாவது தோலுரிப்பு. அன்னைக்கு முழுக்கத் தலையைத் தூக்கிட்டு அசையாம நிக்கும். தூக்கம்னு சொல்வோம். ஒரு இலைகூடத் தின்னாது, போடவும் கூடாது. எங்களுக்கு அன்னைக்குத்தான் கொஞ்சம் கை ஒழியும். தரை, தொட்டி, கூடை எல்லாத்தையும் தேச்சுக் கழுவிடுவோம். புதன்கிழமை புதுத் தோலோட எழுந்திரிச்சுது. அன்னைலேருந்து எட்டாம் நாள் கூடு கட்டியிருக்கணும்."

"இலைக்கு எந்தத் தண்ணி தெளிப்பீங்க?"

"வெளிய இருக்கிற அந்தத் தொட்டித் தண்ணிதான்."

வெளியே வந்ததும் மேடம் நாத்தனாரோடு வேலை செய்யும் மூன்று பேருக்குப் போன் போட்டார். மூன்றும் சின்னச் சின்ன உரையாடல்கள். நோட்டில் மூன்றே வரிகள் ஏறின.

"என்ன சொல்றாங்க?" என்றான் ஃப்ளாஷ்.

"மூணு பேரும் ஒரே மாதிரிதான் சொல்றாங்க. வண்டியை எடு."

*

வியாழக்கிழமை வேலையிலிருந்து நிறுத்தியதும் வீட்டுக்குப் போகக் கூசிய நாத்தனார், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் இருந்தாள். வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஹார்மோன் என்ன பண்ணும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார் மேடம்.

"புழுவுக்குள்ள ரெண்டு ஹார்மோன் இருக்கு. ஒண்ணு, தோலை உரின்னு உத்தரவு போடும். இன்னொண்ணு, உரிச்சாலும் நீ புழுதான்னு சொல்லும். இது ரெண்டாவது. கடைசிப் பருவத்துல உடம்பே ஒரு நொதியை விட்டு ரெண்டாவது ஹார்மோனை வெட்டிக் காலி பண்ணிடும். அதுக்கப்புறம் உத்தரவு வந்தாத்தான் புழு தீனியை நிறுத்தும், கூடு கட்டும், உள்ள போய் கூட்டுப்புழுவா மாறும்."

"காலியாக வேண்டிய நேரத்துல வெளியிலேருந்து யாராவது ஊத்தினா?" என்றான் ஃப்ளாஷ்.

"கிளம்பணும்கிற நெனப்பே அதுக்கு வராது. தின்னுட்டே இருக்கும்."

"என் மச்சானுக்கு யார் ஊத்தினாங்கன்னு இப்ப தெரிஞ்சுக்கணும்."

அவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த அலமாரியை யார் யார் திறக்கலாம்?" மேடம் கேட்டார்.

"நான் மட்டும்தான். ஆனா வேலை நேரத்துல பூட்டறதில்ல. அது என் தப்புதான், நாளைக்கு ஒத்துக்கப் போறேன்."

"வெளியாள் யாராவது வந்தாங்களா?"

"வெளியாள் யாரும் வரல."

"வீட்டாளு?"

"அண்ணி ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்தாங்க. முந்தின வாரம் வெள்ளிக்கிழமைன்னு நெனைக்கிறேன். டைரக்டர் கூப்பிட்டாருன்னு நான் போயிட்டேன். திரும்பி வந்தா மேஜைமேல டப்பா மட்டும் இருந்துச்சு." காகிதம் முழுசாகக் கிழிந்து அவள் கையோடு வந்தது. "அண்ணி எப்படி இருக்காங்க மேடம்? நாலு நாளா போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கறாங்க. என்னைத்தான் சந்தேகப்படறாங்க போல."

மேடம் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "உங்க அலமாரியை விட்டா இந்த மாதிரி மருந்து இந்த ஊர்ல வேற எங்க கிடைக்கும்?"

அவள் யோசித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "கொசு மருந்து! தண்ணித் தொட்டியில போடுவாங்களே, கொசுப் புழு வளராம இருக்க. அதுல இருக்கறது இதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி. பட்டுப்புழு தின்னாலும் இதே கதிதான். சோதனையில ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியறதுகூடக் கஷ்டம்."

ஃப்ளாஷ் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான்.

*

சுகாதார அலுவலகத்தின் பின்பக்கக் கொட்டகையில், கொசு மருந்துக்காரர் ஒரு தெளிப்பானைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கேள்வியைக் கேட்டதும் அவர் கையிலிருந்த துணி நின்றுபோனது.

"புழு வீடா? போனேன் சார். குறிச்சு வெச்சிருக்கேன்." பையிலிருந்து ஓரம் சுருண்ட நோட்டை எடுத்தார். முந்தின வாரம், செவ்வாய், காலை எட்டரை, புழு வீடு, வெளித்தொட்டி ஒன்று.

ஃப்ளாஷ் கேமராவைத் தூக்கினான். க்ளிக்.

"வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போட்டீங்களா?" என்றார் மேடம்.

"கூப்பிட்டுப் பார்த்தேம்மா. யாரும் வரல. இன்னும் முப்பது வீடு பாக்கி. போட்டுட்டு வந்துட்டேன்." அவர் குரல் இறங்கியது. "சொல்லாமப் போடக் கூடாதுதான். ஏம்மா, யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆயிடுச்சா? ஒன்பது வருஷம் தற்காலிகமா இருந்துட்டு, இப்பத்தான் ரெண்டு மாசம் ஆச்சு நிரந்தரமாகி. வீட்டுல ரெண்டும் படிக்குது."

"மனுஷங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார் மேடம். "நீங்க வேலையைப் பாருங்க."

வண்டியில் ஏறியதும் ஃப்ளாஷ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "முடிஞ்சுது! மருந்து தொட்டிக்கு, தொட்டி இலைக்கு, இலை புழுவுக்கு. வில்லன் யாருமே இல்லாத கேஸ். காலையில ஆரம்பிச்சு மூணு மணிக்கு முடிச்சிருக்கோம் மேடம், நம்ம ஆபீஸ் வரலாற்றுலயே முதல் தடவை."

மேடம் நோட்டைப் பின்னுக்குப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் நின்றார். விரலால் ஒரு வரியைத் தொட்டார். இன்னும் பின்னுக்குப் போய் இன்னொரு வரியைத் தொட்டார்.

"ஃப்ளாஷ், கூடத்துல போய் நீயே சொல்லு. இப்பச் சொன்ன மாதிரியே. நான் நடுவுல பேச மாட்டேன்."

"நீங்களா? பேசாமயா? உடம்பு சரியில்லையா மேடம்?"

அவர் நாத்தனாருக்குப் போன் போட்டு, நாலரை மணிக்குக் கூடத்துக்கு வரச் சொன்னார். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கேஸ் முடிந்த நாளில் அவர் அப்படிச் செய்து ஃப்ளாஷ் பார்த்ததில்லை.

*

ஃப்ளாஷ் நன்றாகவே சொன்னான். கேமராவின் சின்னத் திரையில் நோட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

அண்ணி இரண்டு கையாலும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அப்போ அவ மேல தப்பில்லன்னு ஆயிடுமா?"

"நூத்துக்கு நூறு. புட்டியில குறைஞ்சது ஏதோ பதிவேட்டுப் பிசகுன்னு அவங்களே விட்டுடுவாங்க."

"நாளைக்குப் பத்து மணிக்கு இந்தப் படத்தை டைரக்டர்கிட்டக் குடுத்துடறோம்" என்றார் மேடம். "உங்க நாத்தனார் ஊருக்குக் கிளம்பலாம்."

அண்ணி தலையாட்டினார். கூடத்தின் கடைசி வரைக்கும் நடந்தார். குழாயைத் திறந்தார், மூடினார். திரும்பி வந்தார். முகத்தில் காலையில் இருந்த பரபரப்பு இப்போது இரண்டு மடங்காகியிருந்தது.

"அந்த மருந்துக்காரருக்கு என்ன ஆகும்?"

"சொல்லாம மருந்து போட்டிருக்கார். வேலை போயிடும்" என்றார் மேடம். "நிரந்தரமாகி ரெண்டு மாசம்தான் ஆகுதாம்."

"குழந்தைங்க இருக்கா?"

"ரெண்டு."

அண்ணி கீழே பார்த்தார். பக்கத்தில் ஓர் இலைக்கூடை கவிழ்ந்து கிடந்தது. அன்றைக்கு முதல் முறையாக அவர் உட்கார்ந்தார், அந்தக் கூடைமேல்.

"அவர் போட்ட மருந்து என் புழு வாயில படவே இல்ல மேடம்."

"என்னது?" என்றான் ஃப்ளாஷ்.

"செவ்வாய்க்கிழமை புழு தூக்கத்துல இருந்துச்சு. இலையே போடல. மத்தியானம் தொட்டியைக் கவுத்துத் தேச்சுக் கழுவிட்டோம்."

மேடம் நோட்டைத் திறந்து காட்டினார். "இதைக் காலையிலயே சொன்னீங்க. நீ பக்கத்துலதான் நின்ன ஃப்ளாஷ், புழுவோட சண்டை போட்டுட்டு."

"அப்போ தெரிஞ்சேதான் என்னைப் பேச விட்டீங்களா?"

"தொட்டி கழுவினது இவங்களுக்கும் தெரியும். வாயை மூடிட்டு இருந்தா இவங்க நாத்தனார் தப்பிச்சுடுவாங்க. இருப்பாங்களான்னு பார்த்தேன். இருக்கல." மேடம் அண்ணியின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "நீங்கதான் ஊத்தினீங்க, இல்லையா?"

அண்ணி மறுக்கவில்லை. "எப்போலேருந்து தெரியும்?"

"அவங்ககூட வேலை செய்யற மூணு பேர்கிட்டப் பேசினேன். மூணு பேரும் 'அவ செய்ய மாட்டா'ன்னாங்க. நீங்க மட்டும் 'அவ செய்யல'ன்னீங்க. 'மாட்டா'ங்கறது நம்பிக்கை. 'செய்யல'ங்கறது தகவல். அந்தத் தகவல் ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்க முடியும். அப்புறம் ஒண்ணு. ஒருத்தியைக் காப்பாத்த துப்பறியற ஆளைப் பிடிக்கறீங்க, அவ போனை மட்டும் எடுக்க மாட்டேங்கறீங்க."

அண்ணி புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "இந்தப் புழு கூடு கட்டினதும் கிளம்பறேன் அண்ணின்னு சொல்லிட்டா. பெட்டிகூடக் கட்டி வெச்சுட்டா. சாப்பிடறப்போ அவளே ஒருநாள் சொன்னா, ஒரு சொட்டு போதும் அண்ணி, புழு ரெண்டு மூணு நாள் பின்தங்கிடும்னு. அது மனசுலயே நின்னுடுச்சு. சாப்பாடு கொண்டுபோன அன்னைக்கு அலமாரி திறந்திருந்துச்சு. கண் சொட்டு மருந்துப் புட்டி ஒண்ணு என் பையில காலியா இருந்துச்சு." கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மூணு நாள் போதும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல. புட்டியை அவசரமா கவுத்தேன். தண்ணியில எத்தனை சொட்டு விழுந்துச்சுன்னே தெரியல."

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே" என்றான் ஃப்ளாஷ். அவன் குரலில் கேலி இல்லை.

"சொல்ல நான் யாரு சார்? அவ அண்ணன் போன அன்னைக்கே எங்களுக்குள்ள உறவு முடிஞ்சுதுன்னு சொந்தக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. அவதான் போகாம இருந்தா. அதுக்குமேல கேட்க எனக்கு வாய் வரல. புட்டியில குறைஞ்சதைக் கண்டுபிடிப்பாங்கன்னு தெரியாது. கண்டுபிடிச்சதும் பயந்துட்டேன். உங்களைக் கூப்பிட்டா, யாராவது முகம் தெரியாத ஒருத்தர் மேல போய் முடியும்னு நெனச்சேன். அவருக்கு முகம் இருக்கும்னு தோணல."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. நாத்தனார் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

யாரையும் பார்க்காமல் அவள் நேராக அடுக்குக்குப் போனாள். ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த அடுக்கு வரைக்கும் தெளிச்சீங்க?"

"எல்லாத்துக்கும்" என்றார் அண்ணி.

"எத்தனை நாள்?"

"ஒரே நாள். முந்தின வாரம் சனிக்கிழமை."

"சாகுமா?" என்று ஃப்ளாஷ் மெல்லக் கேட்டான்.

"பாதிக்கு மேல பொழைச்சுக்கும். ஆராய்ச்சி நிலையத்துல செஞ்ச சரக்கை அந்த நொதி மெதுவாத்தான் வெட்டும். வெட்டி முடிச்சதும் கூடு கட்டும். மீதி இப்படியே பெருத்துச் செத்துடும்." புழுவை இலைமேல் விட்டாள். அதுவரை நிதானமாக இருந்த குரல் அங்கே உடைந்தது. "வேலை போனாக்கூடத் தாங்கிக்கலாம்னு இருந்தேன் அண்ணி. நீங்க என்னைச் சந்தேகப்படறீங்கன்னு நெனச்சுத்தான் நாலு நாளா தூங்கல. போனை எடுத்து ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?"

"உன் குரலைக் கேட்டா உளறிடுவேன்னு தெரியும். அதான் எடுக்கல."

நாத்தனார் தட்டை உள்ளே தள்ளினாள். செருப்பை மாட்டிக்கொண்டு விடுதிக்கே திரும்பிப் போனாள்.

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி விசாரணை அறைக்குள் தானே போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு டப்பாவிலிருந்து சனிக்கிழமை தெளித்தது வரைக்கும் சொன்னார். வெளியே நடைபாதையில் நாத்தனார் ஒரு பக்கம், ஃப்ளாஷ் மறுபக்கம், கூண்டில் அடைத்தது மாதிரி நடந்தார்கள். மேடம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, கதவிடுக்கில் கசிந்த சொற்களைப் பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

பதினொன்றே காலுக்குக் கதவு திறந்தது. அலமாரியைப் பூட்டாததற்கு நாத்தனாருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அண்ணி இனி அந்த வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. புது வேலை தந்த இடத்துக்கு டைரக்டரே போன் போட்டுப் பேசினார். பத்து நாள் தாமதமாகச் சேரலாம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஃப்ளாஷ் கேமராவிலிருந்து கொசு மருந்துக்காரரின் நோட்டுப் படத்தை அழித்தான்.

கீழே படிக்கட்டில் அண்ணி முன்னால் இறங்கினார். இரண்டு படி பின்னால் நாத்தனார். நேற்று மாலையிலிருந்து அவள் அண்ணியிடம் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. மேடமும் ஃப்ளாஷும் வேண்டுமென்றே மேல்படியில் நின்றுவிட்டார்கள்.

கடைசிப் படியில் நாத்தனார் கேட்டாள். "மூணு நாள் வேணும்னு என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

அண்ணி திரும்பவில்லை. "கேட்டா இருந்திருப்பியா?"

"ஒரு வாரம் இருந்திருப்பேன்."

அண்ணியின் தோள் குலுங்கியது. நாத்தனார் இறங்கிவந்து பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை. கோபமும் போய்விடவில்லை. சாலையில் வந்த ஆட்டோவை மட்டும் கை நீட்டி நிறுத்தினாள்.

"ஏறுங்க அண்ணி. காலையிலேருந்து புழுவுக்கு இலையே போடல."